கரையில் ஏற்றிய வள்ளங்களுக்குப் புள்ளி இல்லை

கணினி விளையாட்டுக் கடை வைத்திருக்கும் என் சக பாவிகளுக்குத் தெரியும்: வென்றவன் கதிரையை உடைப்பான், தோற்றவன் மவுசை உடைப்பான், இரண்டு பேருக்கும் நாங்கள் சிரித்த முகம் காட்டவேண்டும். கிளிநொச்சியில் எனக்கு அப்படியொரு கடை இருக்கிறது.

என் மனைவி ரீத்தாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அங்கேதான். மூன்றாம் கணினியில், ஊர் கட்டும் ஆட்டத்தில் இருந்தாள். வெறுங்காட்டில் தொடங்கி குளம், வயல், வள்ளம், படை என்று பெருப்பிக்க வேண்டும். ‘முடி’ என்ற பொத்தானை அழுத்தினால் கணினி புள்ளி போடும். அத்தோடு அந்த ஊரும் அழிந்துவிடும். அன்று பின்னேரமே நெஞ்சுவலியில் போய்விட்டாள். காலையில் நான் உதிரிப்பாகம் வாங்க வவுனியாவுக்குப் புறப்பட்டபோது, தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “இஞ்சேருங்கோ, என்ரை ஊரை ஒருத்தரும் முடிக்கக் கூடாது எண்டு பொடியளுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

அரைக் குளம்

சிவராசா அண்ணை இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவரை ஆட்டத்தில் இருத்திவிட்டேன். பாதி வயலை விதைத்தார், மீதியைச் சும்மா விட்டார். சும்மா கிடக்கும் நிலத்துக்குக் கணினி புள்ளி வெட்டும் என்றேன். அவர் திரையில் இருந்த குளத்தைக் காட்டினார், தண்ணீர் அரைவாசிதான். கோடைச் சிறுபோகத்துக்கு இங்கே குளத்தைப் பார்த்து, கூட்டம் வைத்து, எவ்வளவு விதைக்கலாம் என்று முடிவெடுத்த பிறகுதானே வயலில் இறங்குவார்கள்!

மழை விடும்வரை ஆடினார். ஒவ்வொரு முறையும் பாதிதான் விதைத்தார், ஒவ்வொரு முறையும் புள்ளி வெட்டுத்தான் வாங்கினார். எழும்பும்போது கேட்டார்: “தம்பி, குளத்தைப் பாக்காமப் புள்ளி போட்டவன் எந்த ஊர் ஆள்?”

சனமில்லாத ஊர்

பக்கத்து ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டர் வேறு மாதிரி. மதில் எழுப்பினால் புள்ளி உண்டு, இடித்தால் வெட்டு இல்லை என்று கண்டுபிடித்தார். எழுப்பினார், இடித்தார், திரும்பவும் எழுப்பினார். சாப்பாடில்லாமல் சனம் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு திரையை விட்டுப் போனது. கடைச் சுவரில் தொங்கும் புள்ளிப் பலகையில் மாஸ்டரின் பெயர் உச்சிக்கு ஏறியது.

“ஊரில ஒரு சனமும் இல்லையே, மாஸ்டர்?” என்றேன். தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: “சனத்துக்குப் புள்ளி இல்லையே, அண்ணை.”

ஏழாம் முறை

ரீத்தா முல்லைத்தீவுக் கரையில் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமையில் அவளுடைய ஆட்கள் தொழிலுக்குப் போகமாட்டார்கள். ஆட்டத்திலும் ஒரு முறை ஒரு நாள் என்று கணக்கு வைத்து, ஒவ்வொரு ஏழாம் முறையும் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிடுவாள். அதற்கும் புள்ளி வெட்டு. நான் சொன்னால், “வெட்டட்டும். அதுகளும் பூசைக்குப் போக வேண்டாமோ?” என்பாள். பலகையில் அவள் பெயர் எப்போதும் அடியில்தான் இருந்தது.

போன மாதம் ஆட்டத்தின் புதுப் பதிப்பு வந்தது. பழைய ஊர்கள் அதில் திறக்காது. கடைக்கு வருகிறவர்கள் புதியதைத்தான் கேட்டார்கள். மாஸ்டர் மூன்றாம் கணினியில் ரீத்தாவின் ஊரைத் திறந்து, “முடிச்சுப் பாருங்கோ, அண்ணை. அக்காவின்ரை கடைசிப் புள்ளியைப் பலகையில எழுதுவம்” என்றார். எனக்கும் ஆசைதான். ஒரு தடவையாவது அவள் மாஸ்டரை முந்தியிருக்கமாட்டாளா? அம்புக்குறியை ‘முடி’க்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் கடற்கரையைக் கவனித்தேன். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறியிருந்தன.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிவராசா அண்ணை என் தோளைத் தட்டினார்: “விடும், தம்பி. ஞாயிற்றுக்கிழமையில கணக்குப் பாத்தா அவா ஏசுவா.”

மற்றக் கணினிகளுக்கெல்லாம் புதுப் பதிப்பு ஏற்றியாயிற்று. மூன்றாவது மட்டும் ஒரு சதமும் உழைக்காமல், வள்ளங்களைக் கரையில் ஏற்றியபடி இருக்கிறது.