உப்பைத் தின்ற மேஜர்

பிரிஷ்டினா விமான நிலைய வேலியோரம் செர்பியக்காரி ஸ்டாமென்கா வாழ்க்கைப்பட்டு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. புருஷன் போய்ச் சேர்ந்த பின் அவளுக்கு மிஞ்சியது வீடும் மிளகாய்த் தோட்டமும் ஒரு கிணறும்தான். அந்த வசந்தத்தில் எதிர்வீட்டு அல்பேனியன் பேகிரின் கூரையைச் செர்பியப் பையன்கள் கொளுத்தியபோது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மாவு பிசைந்தவள் அவள்.

ஜூனில் போர் முடிந்தது. செர்பிய ராணுவம் கிளம்ப, அல்பேனியர்கள் பழிதீர்ப்பார்கள் என்று பயந்து ஊர்ச் செர்பியர்களும் டிராக்டரில் மூட்டைகளை ஏற்றினார்கள். அப்போதுதான் நேட்டோவை முந்திக்கொண்டு வந்து, செர்பியருக்கு வேண்டப்பட்ட ரஷ்யர்கள் விமான நிலையத்தைப் பிடித்தார்கள். ஸ்டாமென்கா அன்றே ரொட்டி சுட்டாள். விருந்தாளியை வரவேற்கும் வழக்கப்படி பூவேலைத் துணி விரித்து, ரொட்டியும் உப்பும் வைத்து, விமான நிலைய கேட்டில் போய் நீட்டினாள். ரஷ்ய மேஜர் தொப்பியைக் கழற்றி, ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு மென்றார்.

தம்பி மோமிர் டிராக்டரை நிறுத்தினான். "ஏறுக்கா."

"எதுக்குடா? நம்ம உப்பைத் தின்னிருக்கான். விட்ருவானா?"

"பசிச்சுது, தின்னான். உன்கூட மோதிரமா மாத்திக்கிட்டான்?"

"போடா, பயந்தாங்கொள்ளி!"

அவன் போய்விட்டான்.

ரஷ்யர்களிடம் தண்ணீர் தீர்ந்தது. ஸ்டாமென்கா இடுப்பொடிய வாளி வாளியாய் இறைத்துக் கொடுத்தாள். "தங்கமான அம்மா" என்றார் மேஜர். பிறகு, எதிரே பீரங்கி நீட்டி நின்ற நேட்டோ ஆங்கிலேயரே லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். இரு தரப்பும் சேர்ந்து சிகரெட் பிடித்தார்கள். வாளி கிணற்றடியிலேயே கிடந்தது.

ஒரு மத்தியானம் முகமூடிக்காரர்கள் மூவர் அவள் வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள்; தீ வீட்டுக்கும் தாவியது. அவள் வேலிக்கு ஓடினாள்.

"மேஜர்! வீடு எரியுது!"

"வேலிக்கு அந்தப்பக்கம் அவங்க பொறுப்பும்மா. நான் கால் வெச்சா சண்டையாயிடும்."

ஆங்கிலேய அதிகாரி வந்தார். மொழிபெயர்க்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "வேலியிலேர்ந்து நூறு மீட்டர் ரஷ்யர்களோடதாம்மா. கேக்காம நுழைய மாட்டாங்களாம்."

வரைபடத்தை ஜீப்பின் முன்புறம் விரித்து மேஜரும் அதிகாரியும் விரலால் அளந்தார்கள். கூரை இறங்கியது. எதிர்வீட்டுக் கரிந்த வாசலில், திரும்பி வந்திருந்த பேகிர் நின்றிருந்தான். அவனிடம் இழுத்துவிடத் திரையில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் இரு தரப்பும் ஒத்துப்போனார்கள். ஒரு ரஷ்யனும் ஒரு ஆங்கிலேயனுமாக இடிபாட்டைச் சுற்றி நாடா கட்டினார்கள். மேஜர் ஆங்கிலேயப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து பிஸ்கட் நீட்டினார்.

"சாப்பிடும்மா."

காலையிலிருந்து வயிறு காலி. அவள் வாங்கித் தின்றாள்.

இப்போது செர்பிய ஊரான கிராலியெவோவில், அகதிகள் தங்கும் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், கம்பளித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறாள். அடுத்த கட்டில் மோமிருடையது. யாராவது சூப்புக்கு உப்பு கேட்கும்போதெல்லாம் அவன் சத்தமாகச் சொல்கிறான்:

"அக்காகிட்ட கேக்காதீங்கப்பா. எல்லாத்தையும் மேஜருக்குக் குடுத்துட்டா."

கூடமே சிரிக்கிறது.