முப்பத்தொன்றில் ஒன்பது

அவளுக்கு "எத்தனை" என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். லிஃப்டுகளை இயக்கும் கணினிகளுக்குக் கெர்னல் எழுதும் அலுவலகம் எங்களுடையது. மற்ற நிரல்களெல்லாம் எதன் மேல் ஓடுகின்றனவோ, அந்த அடித்தள நிரல்தான் கெர்னல். பல இடத்தில் திரும்ப வரும் வரிகளைச் சுருக்கி ஒரே பெயரில் அழைக்கும் துண்டுதான் ஃபங்ஷன்; யார் கெர்னலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வந்தாலும் அவள் ஒப்புதல் வேண்டும். அவளுடைய முதல் கேள்வி, "இது எத்தனை இடத்துல வருது?"

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை. நிரலைத் தாளில் அச்சடித்து, பென்சிலால் வரிவரியாக டிக் போடுவாள். பின்னால் நின்று நான் அதை நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். சில நாள் அவளும்.

"ரெண்டு இடத்துல வர்றதுக்கெல்லாம் தனி ஃபங்ஷன் எதுக்கு? அப்படியே எழுதிட்டுப் போ. இருபது இடத்துல வந்து, அதுல நாலு பேர் தப்பு பண்ணியிருந்தா கொண்டா, சந்தோஷமா சேர்க்கறேன். உனக்குக் கை வலிக்குதுங்கறது ஒரு காரணமா?" என்பாள்.

ஒருமுறை என்னிடம் நிஜமாகவே நல்ல காரணம் இருந்தது. பூட்டு, மாடி எண்ணை எடு, சரிபார், பூட்டைத் திற என்று நான்கு வரிகள் முப்பத்தொரு இடத்தில் கிடந்தன. வேறு எந்தப் பகுதியும் அந்த எண்ணில் கை வைக்காமல் இருக்கத்தான் பூட்டு. மூன்று இடத்தில் திறக்கவே மறந்திருந்தார்கள். நான்கு வரிகளையும் ஒரே ஃபங்ஷனாக்கினேன். அழகாக இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாக இருந்த மாமனாரைக் கவனிக்க வரும் பெண் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள்.

"முப்பத்தொண்ணையும் நீயே படிச்சுப் பாத்தியா?"

"பாத்தாச்சு தாயே, போதுமா?"

நான் படித்தது ஒன்பது. மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று மாற்றிவிட்டிருந்தேன். அவள் ஒப்புதலில் தன் பெயரைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பன்னிரண்டு வருடத்தில் தாளில் அச்சடித்துப் பார்க்காமல் அவள் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் படிக்காதவற்றில் ஓரிடத்தில் மட்டும் மாடி எண்ணை எடுத்து, மாற்றி எழுதிய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். என் ஃபங்ஷன் எடுத்த கையோடு திறந்துவிட்டது. அந்த இடைவெளியில் இன்னொரு பகுதி புகுந்து எண்ணைக் கெடுத்தது. மூன்று வாரம் கழித்து ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. ஆஸ்துமா உள்ள ஒரு பெண் ஐம்பது நிமிடம் உள்ளே தவித்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "எழுதறவன் தப்பு விடுவான், அது சகஜம். செக் பண்ணது யாரு?"

"நான்தான் சார். எல்லா இடத்தையும் நான் படிக்கல," என்றாள் அவள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "படித்ததாக இவளிடம் பொய் சொன்னேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்புதல் தரும் உரிமையை அவளிடமிருந்து பிடுங்கி, கீழ்மாடியில் கையேடு எழுதும் பிரிவுக்கு அவளை அனுப்பினார்கள். அந்த உரிமை எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மாதம் தூக்கம் கெட்ட பிறகு ஒரு மத்தியானம் கீழே இறங்கிப் போனேன். ஏதோ கையேட்டில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகைகூட வந்தது.

"தெரியும்," என்றாள். "முப்பத்தொண்ணையும் படிச்சிருந்தா அது உன் கண்ணுல பட்டிருக்கும். நீ ஒண்ணும் மக்கு இல்லையே. இதை என்கிட்ட எதுக்கு வந்து சொல்றே?"

"மன்னிச்சுடு."

"சரி, மன்னிச்சாச்சு. சார் ரூம்லதான் இருக்கார். இப்பதான் பாத்தேன்."

படியேறினேன். மேலாளரின் கதவு திறந்தே இருந்தது. நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை லீவு வேணும் சார்," என்றேன்.