பேரை எடுத்தார்கள், வாயை எடுக்கவில்லை

அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்தது எங்கள் திட்டத்தின் பேராசிரியர்தான். கள ஆய்வுக்கு வரப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

வாட்ஸ்அப் வந்தபின் போராட்டங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்பதுதான் ஆய்வு. நான் பேட்டி எடுக்கும் கள உதவியாளன். ஒத்தக்கடைப் பக்கம் குப்பைக் கிடங்கை எதிர்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டோம். போராட்டத்தைத் தொடங்கியவர் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவருக்கு டைப் பண்ண வராது, எல்லாம் வாய்ஸ்தான். போனில் பேசுவதாகவே நினைப்பு. ஒவ்வொரு வாய்ஸையும் "அம்புட்டுத்தான், வைக்கிறேன்" என்று முடிப்பார். உடனே இளவட்டங்கள் "வைங்கக்கா" என்று பதில் போட்டுக் கிண்டலடிப்பார்கள்.

பேட்டியின்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பெயர் வெளியே வராது என்று உறுதி சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் எனக்கு வாய்ஸ் வந்தது. குழுவின் அட்மின் குப்பைக் கான்ட்ராக்டரோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதையும் அதே மாதிரிதான் முடித்திருந்தார். பேட்டியோடு சேர்த்து அதையும் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன்.

கட்டுரையின் வரைவைப் படித்தேன். அவர் பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தார்கள். வாய்ஸ் மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது, கடைசி வரி உட்பட. அந்த வரியை எடுத்துவிடுங்கள், குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

"அதை எடுத்துட்டா கட்டுரையில என்னய்யா இருக்கு? பேரை மாத்தியாச்சுல்ல" என்றார்.

கட்டுரை இணையத்தில் வந்தது. யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அதே குழுவில் போட்டார்கள். கீழே முதல் பதில்: "வைங்கக்கா."

அன்றே அட்மின் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். கான்ட்ராக்டர் விஷயத்தை ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் அவருக்குத்தான் வந்தது. அடுத்த மறியலுக்கு அவரைக் கூப்பிடவில்லை.

கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "பேரை மட்டுந்தானே எடுத்தீக அண்ணே. வாயை எடுக்கலையே."

பெயரை வைத்து மட்டும் ஊர் ஆளை அடையாளம் காண்பதில்லை. எனக்கு இந்த வேலை கற்றுக்கொடுத்தது இதைத்தான், அதுவும் அவர் செலவில்.

பேராசிரியர் இப்போது அந்தக் கட்டுரையைக் கருத்தரங்குகளில் வாசிக்கிறார். அந்த வரி வந்ததும் அரங்கம் சிரிக்கிறது. அடுத்த முறை சிரிப்பு அடங்கியதும், அதே மைக்கில் அவர் பதில் சொல்லட்டும்: எடுக்கச் சொன்ன பிறகும் அந்த வரியை ஏன் விட்டுவைத்தீர்கள்?