கொரியன் குளிப்பகத்தில் மூன்று மாதத் தவணை

வாசலுக்குள் காலை வைத்த மனிசரிடம் "எல்லாத்தையும் கழட்டுங்கோ" என்று சொல்லவேண்டிய உத்தியோகம் எனக்குத் தெரிந்து உலகத்தில் இரண்டுதான்: ஒன்று எக்ஸ்ரே எடுப்பவருடையது, மற்றது என்னுடையது. கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தவர்களே, கடையிலும் வங்கியிலும் பெற்றோல் ஷெட்டிலும் நிற்கிற என் சக துன்பக்காரர்களே, உங்களிடம் வருகிறவர்கள் குறைந்தபட்சம் உடுப்போடு நின்றாவது சண்டை பிடிப்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் இருக்கவில்லை.

சாப்பிடாத சமையல்காரி

சிட்னி ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம் அது. அதற்கு முன்னர் நாலு வருடம் கோழி வெட்டி அடைக்கிற ஃபக்டரியின் குளிர் அறையில் வேலை செய்தேன். இரண்டு சோடி கையுறை போட்டாலும் விரல் விறைக்கும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த பிறகுதான் விரல்கள் எனக்குச் சொந்தம் என்று தெரியவரும். ஒருநாள் ஸ்ரத்ஃபீல்டில் ரயில் மாறி ஏற நேரம் இருந்ததால் தெருவில் நடந்தேன். ஒரு கண்ணாடிக் கதவில் "பெண்கள் பகுதிக் கவுண்டருக்கு ஆள் தேவை" என்று இங்கிலீஷிலும் கொரியனிலும் எழுதியிருந்தது. யாரோ கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து வந்த சூட்டுக் காற்று முகத்தில் பட்டது. சம்பளம் எவ்வளவு என்று கேட்க முதலே மனதுக்குள் சம்மதித்துவிட்டேன்.

முதலாளி அம்மாவின் பெயர் மிஸிஸ் ஹான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நேராக நிமிர்ந்து நடப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கீழே ஆண்கள், மேலே பெண்கள். இளஞ்சூடு, கொதிசூடு, ஐஸ் குளிர் என்று மூன்று தொட்டிகள். வெந்நீர் ஆவி நிறைந்த ஒரு புகார் அறை, பலகை அடித்த ஒரு சூட்டு அறை, மூலையில் உடம்பைத் தேய்த்து ஊத்தை உருட்டிவிடுகிற இரண்டு கட்டில்கள். கொதிசூட்டுத் தொட்டியில் ஆறேழு பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் அவசரம் இல்லை. அவசரம் இல்லாத பெண்களை அவுஸ்திரேலியாவில் நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்கு இப்போதே போட்டிருந்த ஜக்கெட்டோடு குதித்துவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் ஒருவர் உடம்பிலும் ஒரு நூல்கூட இல்லை என்பதைக் கவனித்தேன்.

மிஸிஸ் ஹான் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "வேலை தாறன். மூன்று மாதம் தவணை. அதுக்குள்ள ஒருநாள் நீயும் இவையளை மாதிரி உள்ள போய், மூன்று தொட்டியிலயும் இருந்து, ஊத்தையும் உருட்டுவிச்சுக்கொண்டு வரவேணும். இல்லாட்டிப் பழைய வேலைக்கே போகலாம். சாப்பிடாத சமையல்காரியை நான் வச்சிருக்கிறதில்லை."

குறுக்குக்கட்டு

ஒரு நாள் வேலைதானே, முடித்துவிட்டால் போச்சு என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கொரியப் பெண்கள் பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு அவர்களை எங்கே காணப்போகிறேன்? ஆனால் நான் இருப்பது எங்கள் சனம் நிறைந்த கிரவீனில். வெள்ளிக்கிழமை கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர், சனிக்கிழமை என்னை உடுப்பில்லாமல் பார்த்தால், அடுத்த வெள்ளிக்கிழமை நான் எந்த முகத்தோடு விபூதி வாங்குவது? நான் அங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் சனம் ஒவ்வொருவராக வரத் தொடங்கிவிட்டது.

முதலில் வந்தவர் மெரிலேண்ட்ஸில் இருக்கும் ஓர் அன்ரி. துடைக்கக் கொடுத்த மூன்று சின்ன ரவலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் மிஸிஸ் ஹான் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அன்ரி மூன்று ரவலையும் காப்பில் கொழுவியிருந்த ஊசிகளால் பொருத்தி, நெஞ்சுக்கு மேலே இறுக்கிக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு, இளஞ்சூட்டுத் தொட்டியின் நடுவில் கம்பீரமாக இருக்கிறார். தொட்டிக்குள் துணி வரக்கூடாது என்பது சட்டம். அதை மெதுவாகச் சொன்னேன். அன்ரி கட்டில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, ஒரு குருவிகூட இல்லாத கிணத்தடியிலயே நான் குறுக்குக்கட்டோடதான் குளிச்சனான். இங்க இருவது பேருக்கு முன்னால கழட்டச் சொல்லுறியோ?"

செருப்பு

இது சின்னது. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இப்போது கணக்காளராக இருக்கும் ஒரு தமிழம்மா, பதினைந்து பதினாறு வயது மகளோடு வந்தார். வாசலிலேயே செருப்புப் பெட்டி இருக்கிறது, அதைப் பூட்டத் திறப்பும் இருக்கிறது. இவர்களோ பழக்கதோஷத்தில் இரண்டு சோடியையும் வெளியே நடைபாதையில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் சூட்டில் ஊறி, கன்னம் சிவந்து, பறக்கிற மாதிரி வெளியே வந்தால் நடைபாதை துப்புரவாக இருந்தது. "மம், இட்ஸ் நொட் அ டெம்பிள்!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

குளிப்பகத்து பிளாஸ்டிக் செருப்பு இரண்டு சோடியை நான் எடுத்துக் கொடுத்தேன். தாய் அதைப் போட்டுக்கொண்டே மகளுக்குச் சொன்னார்: "டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனோம், தலையோட தண்ணி ஊத்துனாங்க, மனசு லேசாச்சு, வெளிய வந்தா செருப்பக் காணோம். இது கோயில் இல்லன்னு எப்படிச் சொல்ற?"

எண்ணெய் முழுக்கு

என் வேலைக்கே உலை வைத்தது இதுதான். கெல்லிவில்லிலிருந்து ஒரு தமிழ்நாட்டுப் பெண் ரெலிபோன் எடுத்தார். கொம்பியூட்டர் வேலை, புது வீடு, ஆனால் வீட்டில் குளியல் தொட்டி சின்னது. "அங்க சுடுதண்ணி எவ்ளோ வேணும்னாலும் இருக்குமாங்க?" என்று கேட்டார். ஒரு குளமே இருக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னேன். அவரும் அதே உற்சாகத்தோடு சனிக்கிழமை காலை வந்தார். பெரிய கறுப்புக் கோட் ஒன்றைக் கழுத்துவரை மூடியிருந்தார். கோடைகாலத்தில் என்ன கோட் என்று நான் யோசித்தேனே தவிரக் கேட்கவில்லை. அவரிடம் சொல்லவேண்டிய விதிகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தேன். அதில் முக்கியமான விதியை மறந்துபோனேன். தொட்டிக்குள் இறங்க முதல், பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்டூலில் இருந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். உள்ளே ஒருமுறையாவது குளித்தவள் என்றால் அது தானாக வாயில் வந்திருக்கும்.

அவர் வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்துக்கொண்டு, கார் சீற்றில் பிளாஸ்டிக் விரித்து வந்திருந்தார். நேரே போய்க் கொதிசூட்டுத் தொட்டியில் அமிழ்ந்துவிட்டார். தண்ணீர் முழுக்க மஞ்சள் படலம். இருந்த பெண்கள் எல்லாரும் ஒரு கரைக்கு ஒதுங்கினார்கள். மிஸிஸ் ஹான் பம்ப் உடைந்துதான் எண்ணெய் கசிகிறது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து தண்ணீரை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். அவரும் கொரியன்தான், நல்லெண்ணெய் மணம் தெரியாத ஆளா? "இந்த எண்ணெயில என்ர மனிசி கீரை வதக்கிறவ" என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டியைத் திறந்துவிட்டு, கழுவி, நிரப்ப அரை நாள் போனது. மிஸிஸ் ஹான் என்னைத் திட்டவில்லை. கலண்டரில் அடுத்த மூன்றாவது வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். என் தவணை முடியும் நாள் அது. இரவு முழுக்க எனக்குக் கோழி ஃபக்டரிதான் கனவில் வந்தது.

கெல்லிவில் பெண் கடைசிவரை தன் பிழை என்னவென்று விளங்காமலே போனார். போகும்போது என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "எல்லாம் சூப்பருங்க. ஆனா சீயக்காய் எங்க இருக்குன்னு கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. இவ்ளோ பெரிய குளியலறைய வச்சுக்கிட்டு என்னங்க பண்றாங்க?"

அங்கிளின் அறுபது வருடம்

ஆண்கள் பகுதிக் கதை எனக்குத் தெரியவராது. இந்த ஒன்று மட்டும் தானாக நடந்து கவுண்டருக்கு வந்தது. ஓய்வுபெற்ற எஞ்சினியர் அங்கிள் ஒருவர். சுத்தத்தில் பெயர் போனவர், காலையும் மாலையும் குளிப்பவர். மகன் பிறந்தநாள் பரிசாக ஊத்தை உருட்டுகிற ரிக்கெற் வாங்கிக் கொடுத்திருந்தான். "அதுக்கு என்னட்ட ஊத்தை வேணுமே" என்று சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

உருட்டுகிறவர் கையில் ஒரு முரட்டுத் துணியுறை போட்டுக்கொண்டு, ஆளைக் கட்டிலில் கிடத்தி, மரத்துக்குச் சீவுளி போடுகிற மாதிரி இழுப்பார். சாம்பல் நிறத்தில் நூல் நூலாக ஊத்தை திரளும். அதை வாளித் தண்ணீரால் கழுவிவிட முதல் ஆளுக்குக் காட்டுவார்கள், அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அங்கிள் அவர்கள் கொடுத்த கட்டைக் காற்சட்டையோடு கவுண்டருக்கு வந்து கதிரையில் இருந்தார். தோல் பிறந்த பிள்ளையினது போல மினுங்கியது. முகம் மட்டும் இடிந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை, அறுவது வருசமா நான் ஒரு நாளைக்கு ரெண்டு நேரம் குளிக்கிறனான். அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைக் குளிப்பாட்டினனான்?"

செவ்வாய்க்கிழமை ராகுகாலம்

வட்டம் போட்ட வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. எங்கள் சனம் ஒருவரும் வராத நேரம் எது என்று இருந்து யோசித்தேன். சனி ஞாயிறு கூடவே கூடாது. வெள்ளி மாலை வேலை முடிந்து வருவார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம், பெண்கள் எல்லாரும் கோயிலில் துர்க்கைக்கு விளக்கேற்றப் போய்விடுவார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அன்று எனக்கு லீவும்கூட. சரியாக மூன்று மணிக்கு ரிக்கெற் வாங்கி, லொக்கரில் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தை எப்படிச் சொல்வேன்! ஸ்டூலில் இருந்து கழுவினேன். கட்டிலில் படுத்தேன். ஊத்தை உருட்டுகிற யொங்ஜா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கைப்பலம் அப்படி. முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் படுக்கவேண்டும். வலியில் கத்துவதா, சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பிறகு இளஞ்சூடு, அதன்பிறகு ஐஸ் குளிர். ஐயோ என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்து கொதிசூட்டுக்குள் இறங்கினேன். நாலு வருடமாக எலும்புக்குள் இருந்த குளிர் முழுவதும் அந்தத் தண்ணீரில் கழன்றுபோன மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இதையா மூன்று மாதம் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு இருந்தேன்!

கழுத்துவரை தண்ணீரில் இருந்தேன். கதவு திறந்தது. புகாருக்குள்ளால் ஓர் உருவம் வந்தது. என் மகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் அதிபர் ரீச்சர்! சேலையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் கண்டதில்லை, இப்போது சேலையே இல்லை. தண்ணீருக்குள் தலையை முக்கி ஒளித்திருக்கலாம். மற்றப் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் ரீச்சர் உள்ளே வந்தால் எழும்பி நிற்பது ஐந்து வயதிலிருந்து என் காலுக்குப் பழகிய வேலை, மூளையைக் கேட்டுச் செய்வதில்லை. சளாரென்று எழும்பி நேராக நின்றுவிட்டேன். கையும் கட்டிவிட்டேன். தண்ணீர் தொடையளவுதான்.

ரீச்சர் அப்படியே நின்றார். தொட்டியில் இருந்த கொரியப் பெண்கள் அவரையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். "வணக்கம் ரீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்வது? "வணக்கம்" என்றார் அவரும். பிறகு தொட்டிக்குள் ஒரு காலை வைக்கப்போனார். அவர் இன்னும் கழுவவில்லை. எனக்குள் இருந்த கவுண்டர்காரி விழித்துக்கொண்டாள். "ரீச்சர், முதல்ல அந்த ஸ்டூலில இருந்து சோப் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் இறங்க வேணும்" என்றேன். அவருக்கு நான் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல்தடவை. ரீச்சர் போய்க் கழுவிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இறங்கினார். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். சுடுதண்ணீர் ஏற ஏற அவருடைய தோள் மெல்ல இளகியது. சிரிப்பு முதலில் அவருக்குத்தான் வந்தது. இடுப்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நாரிப் பிடிப்புக்குச் சுடுதண்ணி நல்லமெண்டு டொக்டர் சொன்னவர். செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு கணக்குப் பாத்தல்லோ நான் வந்தனான்!"

வெள்ளிக்கிழமை

தவணை முடிந்த நாள் மிஸிஸ் ஹான் என்னைக் கூப்பிட்டு எதிரில் இருத்தினார். செவ்வாய்க்கிழமை நான் லீவில் இருந்தேனே தவிர அவர் லீவில் இருக்கவில்லை. ரவல் கூடையோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அந்த அம்மா யார் என்று கேட்டார். மகளின் அதிபர் என்றேன். தன் பேத்தி வயதுப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேலை போகிறதா, இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சீருடை இரண்டு சோடி புதிதாக எடுத்து என் மடியில் வைத்தார்.

"ரீச்சர் வந்தால் நாங்களும் எழும்புறனாங்கள். ஆனால் அந்தக் கோலத்தில நிண்டுகொண்டு ரீச்சரையே கழுவப் போகச் சொன்னவளை நான் இண்டைக்கு வரைக்கும் கண்டதில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வா" என்றார்.

வேலையை நிரந்தரமாக்க ஆட்கள் நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவார்கள், நான் அதை நிரந்தரமாக்கிக்கொண்ட அந்தச் செவ்வாய்க்கிழமை என் உடம்பில் ஊத்தைகூட இருக்கவில்லை.