ஞாயிற்றுக்கிழமைப் பீரங்கி

2009ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு பீரங்கிக் குழுவில் இருந்தேன். தேம்ஸ் கரையோரப் பழைய கோட்டையொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீரங்கியைப் பார்வையாளர்களுக்கு வெடித்துக் காட்டுவோம். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் லேத் வேலை பழகியவன் நான்; அந்த இரும்புதான் என்னை இழுத்தது. பின்புறத்தில் திருகாணி போன்ற கனத்த கதவு. கைப்பிடியைத் திருப்பி இழுத்தால் திறந்துகொள்ளும். குழுத்தலைவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, ஆங்கிலேயர்.

அந்த ஞாயிறு மனைவி வாசலுக்கு வந்தாள். போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்த என் தங்கையிடமிருந்து வாரக்கணக்காக ஒரு தகவலும் இல்லை.

"இண்டைக்கும் போறியளோ?"

"வீட்டில இருந்தா டிவியைத்தானே பாத்துக்கொண்டிருப்பன். ஏலாதப்பா. போட்டு வாறன்."

சுட்டு முடிந்ததும் கதவைத் திறந்து, நீளக் கம்பில் கட்டிய ஈரத் துடைப்பத்தைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி இழுப்பது என் வேலை. ஒரு பொறி உள்ளே தங்கினாலும் அடுத்த வெடிமருந்துப்பை எங்கள் கையிலேயே வெடித்துவிடும். துடைத்த பிறகுதான் குண்டு, அதன் பின்னால் மருந்துப்பை, பிறகு கதவு. நாங்கள் குண்டு போடுவதில்லை, மருந்து மட்டுந்தான்.

முதல் வெடி அதிர்ந்து ஓய்ந்தது. கதவைத் திறந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள், குண்டு போட்டிருந்தால் எங்கே போய் விழுந்திருக்கும் என்று.

"அதோ அந்த மரங்களுக்கும் அப்பால்," என்றார் தலைவர். "சுடுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுவார்கள்."

துடைப்பத்தை வாளியில் நனைத்து எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தலைவர் என் முகத்தைப் பார்த்தார். கம்பை வாங்கித் தானே துடைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு சுடுதண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவினேன். கரிமருந்துக் கசடை அப்படியே விட்டால் இரும்பை அரித்துவிடும். தலைவர் வாளி சுமந்து வந்தார். அவரிடம் தங்கையைப் பற்றிச் சொன்னேன்.

"முன்பே சொல்லியிருக்கலாமே," என்றார்.

குழாய்க்குள் எண்ணெய் பூசினேன்.

சில நாட்களில் அகதி முகாமிலிருந்து தங்கையின் கணவரான மச்சானின் அழைப்பு வந்தது. "தண்ணி எடுக்கப் போனவள், அண்ணை," என்றார். "ஷெல் விழுந்திட்டுது. பிள்ளை என்னோடதான் நிக்குது."

ஆர்ச்வே முருகன் கோயிலில் அவளுடைய ஆத்ம சாந்திக்காக ஒரு பூசை செய்வித்தோம். தலைவர் கறுப்புக் கோட்டுடன் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூணோரமாக நின்றார். பீரங்கிப் பக்கம் நான் பிறகு போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அன்று கோயிலிலிருந்து வெளியே வரும்போது தங்கையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருடைய வாயில் அது சரியாக வரும்வரைக்கும், படியில் நின்றபடி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.