ராபியாவின் பன்னிரண்டு ஃபோல்டரும் என் ஒரு ஆளும்

தாராவித் தோல்பை பட்டறைகளுக்காக எங்கள் செம்பூர் ஆபீஸில் ஒரு புரோகிராம் எழுதுகிறோம். ராபியா வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரே ஒரு மேக்ஃபைல்தான். எதை முதலில் கோக்க வேண்டும், எதை அப்புறம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. தொள்ளாயிரம் வரி! ஒரு வரியைத் தொட்டால் போதும், அன்றைக்கு ஆபீஸே கந்தல்.

ராபியா பக்கத்திலிருக்கும் சீத்தா கேம்ப் குடியிருப்புக்காரி. முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. எதையும் அடுக்கி வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவளோ சாப்பாட்டு டப்பாவில்கூட மீனையும் சோற்றையும் ஒட்டவிட மாட்டாள். மூன்று மாதம் உட்கார்ந்து வெட்டு, தையல், பொட்டி என்று பட்டறை வேலைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதாக ஒரு மேக்ஃபைல் வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய மேக்ஃபைல் ஒன்று. அதனிடம் இங்கிலீஷில் ‘ஆல்’, அதாவது ‘எல்லாம்’ என்று சொன்னால், பன்னிரண்டுக்குள்ளும் நுழைந்து வேலையை முடித்துவிட்டு வரும்.

திங்கட்கிழமை மத்தியானம் முதலாளி வெங்கடேஷ் சாருக்கு ஓட்டிக் காட்டினாள். ஒரே ஒரு வரிதான் வந்தது: ‘ஆல்’ ஏற்கெனவே தயார், செய்ய ஒன்றுமில்லை.

“நாலு மணி வரைக்கும் பாரும்மா. இல்லேன்னா பழைய ஒத்தை ஃபைலுக்கே போயிடலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மூன்று மாத உழைப்பு. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

நான் சும்மா இருந்தேனா? “ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குட்டி நோண்டுன?” என்று கத்தினேன். பாவம், எல்லா மேக்ஃபைலையும் வரிவரியாகப் பார்த்தாள். மூன்றரை ஆயிற்று. கடைசியில் ஃபோல்டர்களை விரல்விட்டு எண்ணினாள். பதிமூன்று!

“ஜெயசீலிக்கா, இது என்ன, ஏ எல் எல்? ‘ஆல்’னு ஒரு ஃபோல்டர் கெடக்கு?”

“ஆல் இல்லட்டி, ஆள்! பட்டறைக்கு யாரு வந்தா, யாரு வரலைன்னு பாக்கதுக்கு. காலையிலதான் போட்டேன்...”

சொல்லும்போதே எனக்கு விஷயம் உறைத்தது. நான் தாராவியில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். வாட்ஸ்ஆப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பேன். ஆள் என்றால் எனக்கு என்றைக்கும் ஏ எல் எல்தான். அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரே இருப்பதைப் பார்த்த கம்ப்யூட்டர், ‘ஆல்’ தயாராகிவிட்டது என்று காலை நீட்டிப் படுத்துவிட்டது.

“யா அல்லாஹ்!” என்று ராபியா சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வழிய. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பேரை மாத்திடுதேன்ட்டி.”

“வேண்டாங்க்கா. ஆல்ங்கிறது ஃபோல்டர் இல்ல, வேலைன்னு நான் ஒரு வரி எழுதியிருக்கணும், மறந்துட்டேன். ஒங்க ஆளு அங்கனயே இருக்கட்டும்.”

அந்த ஒரு வரியை எழுதி, என் ஃபோல்டரையும் பட்டியலில் சேர்த்து ஓட்டினாள். வெட்டு முடிந்தது, தையல் முடிந்தது, பொட்டி முடிந்தது. பின்னால் வந்து நின்ற சார், “பழையதைத் தூக்கிடு, இனி இதுதான்” என்றார். சந்தோஷம் தாங்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஆபீஸ் குரூப்பில் ராபியா ஒரு செய்தி போட்டாள், இங்கிலீஷ் எழுத்தில், வேண்டுமென்றே என் ஸ்பெல்லிங்கில்: “பதிமூணு ஆளும் வேலைக்கு வந்தாச்சு.”