வெண்கலம் வாரிக் கொடுத்த சம்பளம்

எங்கள் வகையறாவுக்கு ஒரு சாபம் உண்டு. குரல் வாய்த்தவனுக்குப் புத்தி வாய்க்காது. புத்தி வாய்த்தவன் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. பெரிய மாமாவுக்கு அந்தக் குரல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் சண்டையையெல்லாம் விலைக்கு வாங்கினார். அப்புறம் அவருடைய சின்னத் தங்கைக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் அவளைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். அவளிடமிருந்து ஒரு தலைமுறை தாண்டி, அவள் பேரனாகிய சலூன்காரர் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

ஆள் ஈர்க்குச்சி. ஊதினால் பறந்துவிடுவார். வாயைத் திறந்தாலோ வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி இருக்கும். அதனால்தான் வெண்கலம் என்று பேர். தெருமுனையில் அவர் கடை. நாற்காலி இரண்டு, அதில் ஒன்று, ஆள் உட்கார்ந்தால் மெதுவாக இறங்கும். முடி வெட்டி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் முகவாய்க்கட்டை மேசைக்கு வந்துவிடும். கடைக்கு நாலு வீடு தள்ளி, கல்யாணமான நாள் முதல் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீடு. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அடுத்த தெருவில் இருந்தார்.

மனைவியின் தம்பி வீட்டுக்கடன் ஏஜெண்ட். கடன் வாங்க நினைப்பவரைப் பிடித்து வங்கிக்குக் கொண்டுபோய் விட்டால் அவனுக்குக் கமிஷன். இரண்டு போன், ஒரு பளபளப்பான செருப்பு, எப்போதும் அவசரம். ஒருநாள் கடைக்கு வந்து, இறங்காத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"அத்தான், ஒரு சின்ன உதவி. பேங்க்ல இருந்து போன் வரும். இன்னார் உங்க கம்பெனியில வேலை பாக்குறாரான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"எந்தக் கம்பெனிடா?"

"உங்க கம்பெனிதான்."

"எனக்கு ஏதுடா கம்பெனி? ரெண்டு நாற்காலி இருக்கு. அதுலயும் ஒண்ணு உக்காந்தா இறங்கிடுது."

"அதெல்லாம் போன்ல தெரியாது அத்தான். உங்க குரலக் கேட்டா நூறு பேருக்குச் சம்பளம் போடுற ஆளு மாதிரி இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் "மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுக் குழந்தை எந்திரிச்சிடும்" என்பதுதான். மச்சினன் தலையில் ஐஸ் வைத்தான். அடுத்தவர் தலையையே பார்த்துப் பழகியவருக்குத் தன் தலை நனைந்தது தெரியவில்லை.

முதல் போன் வந்தபோது தபால்காரர் மூக்கு வரைக்கும் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். வெண்கலம் ஒரு கையில் சவரக்கத்தி, மறு கையில் போனோடு நிமிர்ந்து நின்றார்.

"வீட்டுக்கடன் பிரிவுல இருந்து பேசுறேன். மேனேஜர் சாருங்களா?" ஒரு பெண் குரல்.

சார்! கண்ணாடியில் பார்த்துத் தன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"மேனேஜர்தான் பேசுறேன்."

"இவர் உங்ககிட்ட சூப்பர்வைசரா இருக்காருன்னு எழுதியிருக்கு. சரிங்களா சார்?"

சரி என்று சொன்னால் முடிந்துபோகும். ஆனால் உலகத்தில் எந்த முடிதிருத்துபவர் ஒரே சொல்லோடு நிறுத்தியிருக்கிறார்?

"சரியாவா? அவர் இல்லன்னா இங்க ஒண்ணுமே ஓடாதும்மா. அடுத்த மாசத்துல இருந்து சம்பளத்தையே ஏத்துறோம்."

"அப்படிங்களா? எவ்வளவு சார்?"

"ஒண்ணரை மடங்கு."

தபால்காரரின் வாயிலிருந்து நுரை குமிழ் குமிழாகப் பறந்தது.

"பின்னால யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கே சார்?"

"ஊழியர்கள் சந்தோஷமா இருக்காங்கம்மா."

அந்தப் பெண் அதற்கு மேல் கேட்கவில்லை. கடன் கொடுத்தால்தான் அவளுடைய மேலதிகாரிக்கு முகம் மலரும். அவள் ஏன் தோண்டப் போகிறாள்?

அந்த சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, முக்கில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். ஒண்ணரை மடங்குச் சம்பளத்துக்கு வங்கி ஒண்ணரை மடங்கு கடனை அள்ளிக் கொடுத்தது. வெண்கலத்தின் வீட்டுக்கு எதிர்வீட்டை, அதைக் கேட்டு நின்ற இன்னொருவரைவிடக் கூடக் கொடுத்து அவர் வாங்கினார்.

அப்புறம் போன் மேல் போன். வெண்கலத்துக்குக் கை தாராளமாகிவிட்டது. பழைய துணி தைப்பவரை உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர் ஆக்கினார். ராத்திரிக் காவல்காரரைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கினார். ஆட்டோக்காரருக்குப் போக்குவரத்துப் பிரிவையே தூக்கிக் கொடுத்தார். கடையில் சில்லறை குறைந்தால் முகம் சுளிக்கிற மனுஷர், போனை எடுத்தால் கொடை வள்ளல். வாய்க்கு என்ன வாடகையா?

தெரு மாறியது. முன்பெல்லாம் ஒரு வீடு விலைக்கு வந்தால் வாசலில் தொங்கும் 'விற்பனைக்கு' அட்டை வெயிலில் வெளுத்துப்போகும். இப்போது மாட்டிய அட்டை ஆடி நிற்பதற்குள் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். உள்ள சம்பளத்தைச் சொல்லிக் கேட்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். வெண்கலம் கத்தரியைத் தட்டிக்கொண்டே, "விலைவாசியப் பாருங்க, எவன்தான் இப்படி ஏத்தி விடுறானோ" என்று வாடிக்கையாளரிடம் அலுத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்தார்.

"தம்பி, வீட்ட விக்கப் போறேன். மக கூப்பிடுறா, அவகூடப் போயிடுறேன். இத்தனை வருஷம் இருந்திருக்கே, அதனால உனக்குத்தான் முதல்ல சொல்றேன்." விலையும் சொன்னார்.

வெண்கலம் அந்த நாற்காலி இல்லாமலேயே இறங்கிப்போனார்.

"என்னம்மா இது? குழாயத் திறந்தா காத்துதான் வருது. இதுக்கு இவ்வளவா?"

"நானா விலை வெச்சேன்? உன் எதிர்வீடு எவ்வளவுக்குப் போச்சுன்னு பாரு. வாங்குனவரு ஏதோ பெரிய கம்பெனியில சூப்பர்வைசராம். ஒண்ணரை மடங்கு சம்பளம் ஏறுதாம். அந்த விலை வந்த தெருவுல நான் மட்டும் குறைச்சுக் குடுக்கணுமா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் கதை என்பார்களே, அதை அன்றைக்குத்தான் வெண்கலம் முகத்துக்கு நேரே பார்த்தார். மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நல்லாருக்கு. உங்க கம்பெனியில எல்லாருக்கும் வீடு கெடைச்சாச்சு. மேனேஜரு மட்டும்தான் தெருவுல."

வேறொரு வங்கிக்குப் போனார். உள்ளதைச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் இருந்த இளைஞன் கணக்குப் போட்டுப் பார்த்து, "இந்த வருமானத்துக்கு அந்த வீட்டுல மாடிப்படி மட்டும் வரும் சார்" என்றான். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

மச்சினன் சிரித்தான். "உண்மையச் சொன்னா எவன் அத்தான் கடன் குடுப்பான்? உங்களையே உங்க கம்பெனியில வேலைக்குச் சேத்துடுறேன். ஸ்டோர் அதிகாரி."

"அப்ப போன்ல யாருடா பேசுறது?"

"அக்கா பேசட்டும்."

"எனக்குப் பொய் சொன்னா விக்கல் வரும்டா. ஆள விடு" என்றாள் அக்கா.

"சரி அத்தான், நீங்களே உங்களுக்குப் பேசுங்க. மூஞ்சியா தெரியப்போகுது?"

"பேசட்டும். மாசா மாசம் தவணைய யாரு கட்டுவா? அந்த ஸ்டோர் அதிகாரியா?"

"விலை ஏறிக்கிட்டே போகுதுக்கா. கட்ட முடியலன்னா வித்துட்டுப் போயிடலாம்."

"வித்துட்டு எங்கடா போறது?"

மச்சினனுக்கு ஒரு போன் வந்தது, எழுந்து போய்விட்டான். விட்டுக்கொடுக்க வெண்கலத்துக்கு மனசில்லை. பிள்ளைகள் பிறந்து, தவழ்ந்து, கல்யாணமாகிப் போனது அந்த இரண்டு அறையில். ஒரே ஒரு பொய். ஊருக்கே சொன்னோம், நமக்கு ஒன்று சொல்லிக்கொண்டால் என்ன? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் காய்கறிக்காரர் முடி வெட்ட வந்தார்.

"மேனேஜர் ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சூப்பர்வைசர்."

"அந்தச் சம்பள உயர்வு எப்ப வரும்?"

வெண்கலம் கடை அதிரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஒரு முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

"பேங்க்காரன் அந்தச் சம்பளத்துக்குத்தான் தவணை போட்டிருக்கான். என் தராசு அதுக்கு ஒத்துக்க மாட்டேங்குது. மூத்தவளப் படிப்ப நிறுத்திட்டு வேலைக்கு அனுப்பிட்டேன். சும்மா கேட்டேன், நீங்க வெட்டுங்க."

அன்றைக்கு வெண்கலம் அவரிடம் கூலி வாங்கவில்லை. அந்தக் கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுத்த முதல் போனஸ் அதுதான்.

வங்கிப் பெண் கூப்பிட்டது ஒரு மத்தியான நேரம். கடையில் ஆள் இல்லை. மனைவி சாப்பாடு கொண்டுவந்து, மூடியைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"மேனேஜர் சார், நல்லாருக்கீங்களா? உங்க ஸ்டோர் அதிகாரி ஒருத்தர் கடன் கேட்டிருக்கார். நீங்க சொன்னாப் போதும் சார், இன்னிக்கே முடிச்சிடலாம்."

ஆமா என்றால் வீடு. வாய் திறந்துதான் இருந்தது. எதிரே கண்ணாடியில் மேனேஜரும் ஸ்டோர் அதிகாரியும் ஒரே மேலங்கியில், மேலெல்லாம் முடித்துணுக்கோடு நின்றார்கள்.

"ஆள் எப்படி சார்?"

"நல்லாத் தெரியும்மா. வேலையில சுத்தம். வாய்தான் நீளம்."

"சம்பளம் எழுதியிருக்கறது சரிதானே?"

"அதுல பாதிகூட இல்லம்மா. அவனுக்குக் கடன் குடுக்காதீங்க. கட்டணும்னுதான் நெனப்பான். முடியாது."

ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்த மனுஷர், தனக்கு மட்டும் வெட்டிவிட்டார்.

"சார்... அப்ப, இதுக்கு முன்னாடி நீங்க சொன்னவங்க?"

"அவங்களும் இங்கதான்மா முடி வெட்டிக்கிறாங்க. இது சலூன்."

போன் அடங்கியது. மனைவி மூடியைத் திறந்தாள்.

"அப்ப வீடு?"

"போச்சு."

"சாப்பிடுங்க. ஆறிடும்" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கமாக உடனே கிளம்பிவிடுகிறவள், இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அதோடு கூடவே இறங்கினாள்.

வங்கிக்காரர்கள் விஷயத்தை வெளியே விடவில்லை. விட்டால் அவர்கள் வீட்டு ஓட்டையும்தானே தெரியும்? காய்கறிக்காரரைக் கூப்பிட்டுத் தவணையைக் குறைத்து, வருஷத்தை நீட்டினார்கள். பேரன் காலத்தில் வீடு அவருடையதாகிவிடும். மகள் மறுபடி படிக்கப் போகவில்லை. மச்சினன் வாசலில் நின்று, "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க அத்தான்" என்று கத்திவிட்டுப் போனவன்தான். அக்கா அவனுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த வங்கி கையை இறுக்கிக்கொண்டது; தெருவில் மல்லுக்கு நின்றவர்களைக் காணோம். வீட்டுக்காரம்மா காத்திருந்து பார்த்தார், விலையைக் கொஞ்சம் இறக்கினார். இறங்கிய விலையும் வெண்கலத்துக்கு எட்டவில்லை. கடைசியில் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியையும் அவரிடமே கொடுத்து, "வர்றவங்களுக்கு வீட்டக் காட்டு. விக்கிற வரைக்கும் அதே வாடகையில இரு. வித்ததும் காலி பண்ணிடணும்" என்று சொல்லிவிட்டு மகளிடம் போனார்.

இப்போது கடைக்கு விடுமுறை நாளில் வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வெண்கலம் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அறையைப் பார்த்தார்கள், ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், அந்தப் பெண்ணுக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

"வீட்டுல குறை எதுவும் இல்லையே?" என்று கேட்டாள்.

உண்மை பேசிப் பிழைக்கிற வாய்ப்பு ஒரு மனுஷனுக்கு எத்தனை தரம் வரும்? வெண்கலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்கம்மா, இப்படி வாங்க. இந்த மூலையப் பாருங்க, மழை வந்தா இங்கதான் ஒழுகும். குழாயத் திறங்க, என்ன வருது? காத்து! இந்தக் கதவு இருக்கே..."

"நீங்க புரோக்கருங்களா?" என்று கணவன் சந்தேகமாகப் பார்த்தான்.

"இல்லங்க. குடியிருக்கறவன்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அந்தப் பின்பக்கச் சுவத்து விரிசலயும் காட்டுங்க!"

"வர்றேன், வர்றேன். இன்னும் குளியலறையே முடியலடி!"